பென்சில்வேனியா எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் சங்கம்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: சார், கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் 42 கேலன் என்கிறார்களே, 40 என்று முழுசாக வைத்திருக்கக் கூடாதா?

பதில்: முதலில் 40 தான். வழியில் ஒழுகிப் போகும் என்பதால் வாங்குபவருக்கு 2 கேலன் கொசுறு. 1866இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலக் கிணற்றுக்காரர்கள் கூடிப் பேசி ஒத்துக்கொண்டது, 1872இல் அவர்கள் சங்கம் முறைப்படி ஏற்றது. இன்றைக்குச் செய்தியில் வரும் பீப்பாயும் அதே கொசுறோடுதான், சுமார் 159 லிட்டர்.

கேள்வி: ராக்பெல்லரை எதிர்க்கத்தான் சங்கம் கட்டினார்களா?

பதில்: பெரிதாகத் திரண்டது அதனால்தான். 1872 பிப்ரவரியில், ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியின் ராக்பெல்லர் உள்ளிட்ட சில எண்ணெய் சுத்திகரிப்பு முதலாளிகளும் மூன்று ரயில் கம்பெனிகளும் 'சவுத் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனி' என்ற பெயரில் ரகசியமாகக் கைகோத்திருந்தது அம்பலமானது. ராக்பெல்லரின் சுத்திகரிப்பு ஆலை இருந்த கிளீவ்லாந்து நகருக்கு ஒரு பீப்பாய் அனுப்ப ரயில் கட்டணம் 80 சென்ட். கூட்டாளி என்றால் 40 சென்ட் திரும்பக் கிடைக்கும். சரி, அதையாவது சலுகை என்று விடலாம். வெளியாள் கட்டுகிற 80 சென்ட்டிலும் 40ஐ எடுத்து அந்தக் கூட்டாளிகளுக்கே கொடுப்பதாக ஏற்பாடு! நீங்கள் சரக்கு அனுப்ப அனுப்ப உங்கள் போட்டியாளர் பெட்டி நிறையும். பென்சில்வேனியாவின் எண்ணெய் ஊரான டைட்டஸ்வில்லில், ஆப்பரா ஹவுஸ் அரங்கில் சுமார் 3,000 பேர் கூடினார்கள். அந்தக் கூட்டாளிகளுக்கு எண்ணெய் இல்லை, 60 நாள் புதுக் கிணறு இல்லை, ஞாயிறு பம்பு ஓடாது என்று அடுத்து நடந்த கூட்டத்தில் முடிவு. மார்ச் கடைசியில் ரயில்காரர்கள் இறங்கி வந்தார்கள், ஏப்ரலில் மாநிலச் சட்டமன்றம் கம்பெனியின் உரிமத்தையே ரத்து செய்தது.

கேள்வி: அப்போ ஜெயித்துவிட்டார்கள்?

பதில்: எங்கே! அந்தக் கொஞ்ச நாளுக்குள் கிளீவ்லாந்தின் 26 ஆலைகளில் 22 ராக்பெல்லர் கைக்குப் போய்விட்டன.

கேள்வி: எல்லோரும் சேர்ந்து உற்பத்தியைக் குறைத்திருந்தால் விலை ஏறியிருக்குமே அண்ணா?

பதில்: அங்கேதான் சங்கத்தின் தீராத வியாதி. உங்கள் கிணற்றில் ஏறி வருவது உங்களுடையது, பக்கத்து நிலத்தடியிலிருந்து ஊர்ந்து வந்ததானாலும். ஊர் வழக்கமாக இருந்ததைப் பிறகு நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. நம் ஊர் போர்வெல் கதையேதான், நான் மோட்டாரை நிறுத்தினால் வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரன் உறிஞ்சிவிடுவான். 1872 டிசம்பரில் சுத்திகரிப்பாளர்களோடு போட்ட ஒப்பந்தம் அடுத்த மாதமே உடைந்தது, எண்ணெய் பெருகிக்கொண்டே இருந்ததால். 1887இல் உருவான புதுச் சங்கம்தான் உற்பத்தியைக் குறைத்துக் காட்டியது. அதுவும் எப்படி? பரம எதிரியான ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயிலோடு பேசி! பீப்பாய் 62 சென்ட் கணக்கில் 50 லட்சம் பீப்பாயை ஸ்டாண்டர்ட் ஆயில் சங்கத்துக்காக ஒதுக்கி வைத்தது. விலை ஏறினால் வரும் லாபம் சங்கத்துக்கு.

கேள்வி: கிணற்றை மூடினால் கூலிக்காரர்கள் கதி?

பதில்: அந்த லாபத்தில் ஒரு பங்கை வேலை போன துளையிடும் ஆட்களுக்கென்று எடுத்து வைத்தார்கள்.