பழைய வீட்டுக்கும் புதிய வீட்டுக்கும் நடுவே இருபது நாள்: கையிருப்பைக் கரைக்காமல் கடப்பது எப்படி?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் சில ஆண்டுகளாக, அம்மாவோடும் பள்ளிக்குப் போகும் குழந்தையோடும் வாடகைக்குக் குடியிருக்கிறோம். மாத வாடகை 28,000 ரூபாய். அட்வான்ஸ் 2,00,000 ரூபாய் உரிமையாளரிடம் இருக்கிறது. ராமமூர்த்தி நகரில் 32,000 ரூபாய் வாடகைக்கு வேறு வீடு பார்த்து, 25,000 ரூபாய் டோக்கன் கொடுத்துவிட்டோம். டிசம்பர் 1 அன்று சாவி தருவதாகச் சொன்னதை நம்பி, இங்கே நவம்பர் 30 அன்று காலி செய்வதாக நோட்டீஸும் கொடுத்தோம். இப்போது, அங்கே குடியிருப்பவர் 12-ஆம் தேதிதான் போகிறார், வெள்ளையடித்து 20-ஆம் தேதி தருகிறேன் என்கிறார் புதிய உரிமையாளர். அவருக்கு ஆறு மாத வாடகை அட்வான்ஸாகவும், தரகருக்கு ஒரு மாத வாடகையும் தர வேண்டும். பழைய அட்வான்ஸைக் கேட்டால், "பணம் எங்கே போகும் தம்பி, தை பிறந்ததும் புதுசா வர்றவங்க கொடுப்பாங்க, வாங்கித் தந்துடறேன்" என்கிறார் இங்குள்ள உரிமையாளர். கையில் 85,000 ரூபாயும், மார்ச்சில் முதிர்வடையும் 1,50,000 ரூபாய் ஃபிக்ஸட் டெபாசிட்டும் உள்ளன. இருபது இரவுகளுக்கு, நாள் வாடகைக்குக் கிடைக்கும் சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுக்கலாமா (விலை விசாரித்து அனுப்பியிருக்கிறேன், முன்பணம் இன்னும் கட்டவில்லை), ஓசூரில் சித்தப்பா வீட்டுக்குப் போகலாமா? அட்வான்ஸுக்கு, சலுகை வந்திருக்கும் பர்சனல் லோனை வாங்கலாமா, கிரெடிட் கார்டில் கட்டலாமா? மார்கழியில் வீடு மாறக் கூடாது என்று அம்மா சொல்வது வேறு கவலையாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன. நீங்கள் கவலைப்படுவது இருபது நாள் இடைவெளியைப் பற்றி. உங்களை உண்மையில் நெருக்கப்போவது, புதிய அட்வான்ஸைக் கொடுக்கும் நாளுக்கும் பழைய அட்வான்ஸ் திரும்பி வரும் நாளுக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ ஒரு மாத இடைவெளி. முதலாவதற்குத் தவறான வழியைத் தேர்ந்தெடுத்தால், இரண்டாவதைச் சமாளிக்க வைத்திருக்கும் பணம் அதிலேயே கரைந்துவிடும்.

நீங்கள் அனுப்பியுள்ள விலைகளையே வைத்துக் கணக்குப் போடுவோம். சர்வீஸ் அபார்ட்மென்ட் ஓர் இரவுக்கு 3,000 ரூபாய் என்றால், இருபது இரவுகளுக்கு 60,000 ரூபாய். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேற்படாத அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம் என்பதால் அதற்கு 3,000 ரூபாய். சாமான்களைக் கிடங்கில் வைக்க 7,000 ரூபாய். வீட்டிலிருந்து கிடங்குக்கு ஒருமுறை, கிடங்கிலிருந்து புதிய வீட்டுக்கு இன்னொருமுறை என்று பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸை இரண்டு தடவை அழைக்க வேண்டியிருப்பதால் கூடுதலாக 14,000 ரூபாய். மொத்தம் 84,000 ரூபாய். உங்கள் கையிருப்பு 85,000 ரூபாய். வெளிச்சாப்பாட்டுச் செலவை நான் இதில் சேர்க்கவே இல்லை.

இதற்கு மாறாக, இப்போதிருக்கும் வீட்டிலேயே டிசம்பர் 20 வரை தங்கினால், 31 நாள் மாதத்தில் 20 நாளுக்கான வாடகை சுமார் 18,065 ரூபாய்தான். உரிமையாளர் முழு மாத வாடகையும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து 28,000 ரூபாய் வாங்கினாலும், சர்வீஸ் அபார்ட்மென்ட் வழியோடு ஒப்பிட 56,000 ரூபாய் மிச்சம். 35,000 ரூபாய் கேட்டால்கூட முகம் சுளிக்காமல் கொடுத்துவிடலாம்.

கொடுத்த நோட்டீஸை எப்படித் திரும்பப் பெறுவது என்று நீங்கள் தயங்குவது தெரிகிறது. ஆனால் அடுத்த குடித்தனக்காரர் தை மாதம்தான் வருகிறார் என்று உரிமையாளர் சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நவம்பர் 30 முதல் ஜனவரி நடுப்பகுதி வரை ஏறத்தாழ ஒன்றரை மாதம் அந்த வீடு பூட்டிக் கிடக்கப்போகிறது. அந்தக் காலத்தில் அவருக்கு வெள்ளையடிக்க ஒரு வாரம் போதும்; நீங்கள் 20-ஆம் தேதி காலி செய்தாலும் அதற்கு மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அவருக்கு 18,000 ரூபாய் வாடகை வருகிறது என்ற கோணத்தில் பேசுங்கள். உதவி கேட்பவரைப் போலப் பேச வேண்டியதில்லை.

அவர் தயங்கினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் பணமாக இருக்காது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் வாடகையை வாங்கிக்கொண்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 116-ஆம் பிரிவின்படி குடியிருப்புக்கான குத்தகை மாதத்துக்கு மாதம் தொடர்வதாகக் கொள்ளப்படும். "இருபது நாள் என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டால் என்ன செய்வது" என்ற பயம் எந்த உரிமையாளருக்கும் இருக்கும். அந்தப் பயத்தைப் போக்க, நீங்களே ஒரு பக்கக் கடிதம் எழுதிக்கொண்டு போங்கள். பழைய ஒப்பந்தத்தின் தேதியைக் குறிப்பிட்டு, டிசம்பர் 20 மாலை 6 மணிக்குள் சாவியை ஒப்படைப்பதாகவும், அதுவரைக்கான வாடகை இவ்வளவு என்றும், இது புதிய பதினொரு மாத ஒப்பந்தம் ஆகாது என்றும், அந்தத் தேதிக்கு மேல் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இரு மடங்கு வாடகை தருவதாகவும் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். இரு மடங்கு என்று நீங்களே எழுதிக் கொடுப்பது உங்களுக்குப் பாதகமாகத் தோன்றலாம்; ஆனால் பல ஒப்பந்தங்களில் அந்த நிபந்தனை ஏற்கெனவே இருக்கிறது, அதனால்தான் எழுத்தில் அனுமதி பெறாமல் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது என்கிறேன். நம் ஊர்க்காரர், பழகியவர், அவரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா என்ற கூச்சம் அல்சூர் பக்கம் நிறையப் பேருக்கு உண்டு. அந்தக் கூச்சத்தால் பின்னால் உறவு கெட்ட கதைகளும் அங்கேயே உண்டு.

அதே கடிதத்தில் இன்னொரு வரியையும் சேர்க்கப் பாருங்கள்: இருபது நாள் வாடகையை அட்வான்ஸிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று. அவர் சம்மதமில்லாமல் நீங்களாகக் கழித்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலான ஒப்பந்தங்கள் அதைத் தடுக்கின்றன. சம்மதித்தால், அவரிடம் முடங்கிக் கிடக்கும் பணத்தில் 18,065 ரூபாய் உங்களுக்கு உடனே பயன்படும்.

இனி பெரிய இடைவெளி. டிசம்பர் 20 அன்று புதிய அட்வான்ஸில் டோக்கன் போகப் பாக்கி 1,67,000 ரூபாய், டிசம்பரின் 12 நாளுக்கான வாடகை சுமார் 12,387 ரூபாய், தரகு 32,000 ரூபாய், சாமான் ஏற்றி இறக்க 14,000 ரூபாய் என மொத்தம் 2,25,387 ரூபாய் வேண்டும். கையிலுள்ள 85,000 ரூபாயை முழுவதும் போட்டாலும் 1,40,387 ரூபாய் குறைகிறது. ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைக்காதீர்கள். அதன் மீது கடன் கேளுங்கள். பொதுவாக வங்கிகள் டெபாசிட் தொகையில் 90 சதவீதம் வரை, டெபாசிட் வட்டியைவிட ஒரு சதவீதம் கூடுதலாக வைத்துக் கொடுக்கின்றன. உங்களுக்கு 1,35,000 ரூபாய் கிடைக்கும். டெபாசிட்டுக்கு 7 சதவீதம் வருகிறது என்றால் கடனுக்கு 8 சதவீதம்; முப்பது நாளுக்கு வட்டி 888 ரூபாய். பாக்கி ஐயாயிரத்துச் சொச்சத்தை நவம்பர் மாதச் சம்பளத்தில் ஒதுக்கிவிடலாம். டெபாசிட்டுக்கு வர வேண்டிய வட்டி வந்துகொண்டே இருக்கும், மார்ச்சில் முதிர்வும் தவறாது.

பர்சனல் லோனை நான் ஏற்கவில்லை. உங்களுக்கு வந்த சலுகையில் 1,50,000 ரூபாய்க்கு 2 சதவீதம் செயலாக்கக் கட்டணம் 3,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 540 ரூபாய். ஒரு நாள் வட்டி ஓடுவதற்கு முன்பே 3,540 ரூபாய் போய்விடுகிறது. மேலும், முதல் சில தவணைகள் கட்டிய பிறகே முன்கூட்டி அடைக்கப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன, அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. ஒரு மாதத் தேவைக்கு ஏற்ற கடன் அது அல்ல. கிரெடிட் கார்டு மூலம் அட்வான்ஸ் கட்டும் யோசனையும் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2025 செப்டம்பர் விதிகளுக்குப் பிறகு பல செயலிகள் அந்த வசதியை நிறுத்திவிட்டன, கார்டில் பணமாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே மாதத்துக்கு மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும். வீட்டு நகையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

பழைய அட்வான்ஸ் எவ்வளவு திரும்பி வரும் என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள். பெங்களூருவில் வெள்ளையடிப்புக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது பரவலான வழக்கம். உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி இருந்தால் 28,000 ரூபாய் போகும். இருபது நாள் வாடகையும் கழிந்தால் திரும்ப வருவது 1,53,935 ரூபாய். வங்கிக் கடனை அடைக்க அது போதும். ஒப்பந்தத்தில் ஆகும் செலவு மட்டும் என்றிருந்தால் ரசீது கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சாவி கொடுக்கும் நாளில் அறை அறையாக வீடியோ எடுத்து, மின்சார மீட்டர் எண்ணிக்கையைக் குறித்து, பெஸ்காம் மின்சார பில் பாக்கியில்லை என்பதைக் காட்டி, திரும்ப வர வேண்டிய தொகையையும் தேதியையும் எழுதி வாங்குங்கள். "தை பிறந்ததும்" என்பது தேதி ஆகாது. ஜனவரி 20 என்பது தேதி. முடிந்தால் பாதித் தொகையைச் சாவி கொடுக்கும் அன்றே கேளுங்கள். 2021-ஆம் ஆண்டின் மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அது மாநிலங்கள் தத்தம் சட்டமாக இயற்றிக்கொள்வதற்கான மாதிரி. அதைக் காட்டி உரிமையாளரிடம் வாதாடிப் பயனில்லை.

தேதியைத் தள்ளிப் போட்டவர் புதிய உரிமையாளர். அந்தச் செலவில் அவருக்கும் பங்கு இருக்க வேண்டும். டிசம்பரின் 12 நாள் வாடகையை விட்டுக்கொடுத்து, ஜனவரி 1 முதல் கணக்கு வைக்கச் சொல்லுங்கள். மறுத்தால், அட்வான்ஸில் 50,000 ரூபாயை ஜனவரி 20-க்குப் பிறகு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றுக்காவது அவர் இணங்குவார் என்று எதிர்பார்க்கலாம், ஏனெனில் டோக்கன் கொடுத்த நீங்கள் விலகினால் அவரும் மார்கழியில் ஆள் தேட வேண்டியிருக்கும்.

மார்கழி பற்றி அம்மா சொல்வதற்கும் இங்கே வழி இருக்கிறது. அங்கே குடியிருப்பவர் 12-ஆம் தேதி காலி செய்கிறார். மார்கழி பெரும்பாலும் 16-ஆம் தேதி பிறக்கிறது. இடையில் ஒரு நல்ல நாளில், வெள்ளையடிக்கும் ஆட்கள் வருவதற்கு முன், ஒரு மணி நேரம் சாவி வாங்கிப் பால் காய்ச்சிவிட்டு, அரிசி, உப்பு, மஞ்சளை வைத்துவிட்டு வாருங்கள். கார்த்திகையிலேயே குடி புகுந்ததாக ஆகிவிடும். சாமான்கள் 20-ஆம் தேதி வந்தால் போதும். அன்று சாவி கைக்கு வராத வரையில் அட்வான்ஸின் பெரும்பகுதியைக் கொடுத்துவிடாதீர்கள்.

பழைய உரிமையாளர் கடைசி வரை மறுத்துவிட்டால், ஓசூரில் இருக்கும் உங்கள் சித்தப்பா வீடும் ஒரு வழிதான், ஆனால் குழந்தையின் பள்ளி கிறிஸ்துமஸ் விடுமுறை வரை நடப்பதால் முழுக் குடும்பமும் அங்கே போக முடியாது. அம்மாவை மட்டும் அனுப்பிவிட்டு, நீங்கள் மூவரும் அல்சூரிலேயே சமையலறை உள்ள சிறிய அறையைப் பாருங்கள். பேயிங் கெஸ்ட் (பிஜி) விடுதிகளில் பல ஒரு மாதக் கட்டணத்தையும் ஒரு மாத நோட்டீஸையும் கேட்பதால், இருபது நாளுக்கு அவை மலிவாக அமையாது.

பழைய வருமான வரி முறையில் வீட்டு வாடகைப்படிக்கு விலக்குக் கேட்பவராக நீங்கள் இருந்தால், டிசம்பரின் இருபது நாளுக்குத் தனி ரசீது வாங்குங்கள். அட்வான்ஸில் கழித்த வாடகைக்கும் ரசீது வேண்டும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் இரண்டு உரிமையாளர்களின் பான் எண்ணையும் அலுவலகம் கேட்கும். புதிய வரி முறையில் இருந்தால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வார இறுதியில் கடிதத்தோடு உரிமையாளரைப் பார்த்து, அவர் கையெழுத்திட்ட பிறகே பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸுக்கு 20-ஆம் தேதியை உறுதி செய்யுங்கள். அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கட்டணம் கூடுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.