சில்லறை எரிச்சல்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்களுக்கு எழுதும் முதல் கடிதம். கதைகளைப் பற்றி எழுதியிருக்க வேண்டும். மன்னிக்கவும், எரிச்சலைப் பற்றி எழுதுகிறேன்.

எனக்குப் பெரிய குறையென்று எதுவும் இல்லை. வேலை இருக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது. ஆனால் ‘இங்கே கிழிக்கவும்’ என்று புள்ளிக்கோடு போட்ட பாக்கெட் அந்தக் கோட்டில் கிழியாமல் குறுக்கே பிளந்துகொண்டால் அன்று காலைப்பொழுதே போய்விடுகிறது. யூஎஸ்பியைச் செருகினால் போகாது, திருப்பிச் செருகினாலும் போகாது, முதலில் வைத்தபடியே மறுபடி வைத்தால் போகும். ‘வருகிறேன்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு நாலு நிமிடக் குரல்செய்தி. எங்கே போனது என்றே தெரியாத செல்லோடேப்பின் முனை.

இதெல்லாம் போகட்டும். எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் பெரியப்பா வாரம் ஒரு சரித்திர வரைபடம் போடுவார். ‘உலகப் பேரரசுகள், மூன்று நிமிடத்தில்’ என்ற வகை வீடியோ. பின்னணியில் முரசு ஒலிக்க, நிறங்கள் பொங்கி விரிந்து சுருங்கும். போன வாரம் பொறுக்காமல், ‘இது அவ்வளவு எளிமையான விஷயம் இல்லை பெரியப்பா’ என்று எழுதிவிட்டேன். அவர், ‘படிச்சவன், நீ சொன்னா சரிதான்பா’ என்று ஒரு கும்பிடு படம் போட்டார். அதற்குப் பிறகு குழுவில் சத்தமே இல்லை. அத்தை தனியாகக் கூப்பிட்டு, ‘ஒரு படத்துக்குப் போய் எதுக்குடா?’ என்றார்.

நான் அற்பனா? பாக்கெட் எரிச்சலும் வரைபட எரிச்சலும் ஒரே வியாதியா?

ர.

*

அன்புள்ள ர.,

அற்பமா என்றால், ஆமாம். நானும் அப்படித்தான். கண்ணாடிக் குப்பியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டின் பிசினை ஒரு மாலை முழுக்க நகத்தால் சுரண்டியிருக்கிறேன். எண்ணெய் தடவினால் போய்விடும் என்று எனக்குத் தெரியும். தடவினால் அந்தச் சீட்டு ஜெயித்த மாதிரி ஆகிவிடுமே என்று தடவவில்லை.

உங்கள் பட்டியலில் சிலவற்றைத் தள்ளிவிடலாம். யூஎஸ்பிக்கு இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் புதிய முனை வந்துவிட்டது. குரல்செய்தி மனித சுபாவம், அதற்கு மருந்து கிடையாது. ஆனால் பாக்கெட்டின் புள்ளிக்கோட்டையும் பெரியப்பாவின் வரைபடத்தையும் நீங்கள் ஒரே கடிதத்தில் வைத்தது சரியாகவே பட்டது. இரண்டிலும் கோடு போட்டவர் அந்த இடத்தில் ஒரு தடவைகூடக் கிழித்துப் பார்த்ததில்லை.

எனக்கு இது புரிந்தது நானே ஒரு வரைபடம் போட நேர்ந்தபோது. சில வருடங்களுக்கு முன் ராஜேந்திர சோழனின் கடல்கடந்த படையெடுப்பு பற்றி ஒரு கட்டுரை எழுதினேன், கூடவே ஒரு படம் கேட்டார்கள். என்ன பிரமாதம் என்று உட்கார்ந்தேன். கடற்கரையை இறக்கிக்கொண்டேன். 1025 வாக்கில் நடந்த அந்தப் படையெடுப்பை அவனுடைய மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் புகழுரை, ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று தொடங்கி ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், மாநக்கவாரம், கடாரம். பெரும்பாலும் இன்றைய சுமத்திரா, மலாய்த் தீபகற்பம் பக்கத்து ஊர்கள். சிலவற்றின் இடம் இன்றும் விவாதத்தில் இருக்கிறது. உறுதியானவற்றுக்குப் புள்ளி வைத்தேன். புள்ளிகளைச் சுற்றி உத்தேசமாக ஒரு கோடு இழுத்தேன். பிறகு நிறம் ஊற்றும் வாளிப் படத்தை அழுத்தி உள்ளே ஒரு சொடுக்கு.

திரை முழுக்கச் சிவப்பு. கடல் சிவப்பு, சீனா சிவப்பு, ஓரத்தில் இருந்த ஆப்பிரிக்கத் துண்டும் சிவப்பு.

அந்த வாளி வேலை செய்யும் விதம் அப்படி. ஒரு புள்ளிக்கு நிறம் கொடுக்கும், பக்கத்துப் புள்ளிக்குக் கொடுக்கும், அதற்குப் பக்கத்துக்கும் கொடுக்கும். ஒரு கோடு குறுக்கே நின்று தடுக்கும்வரை போய்க்கொண்டே இருக்கும். கோட்டில் எங்கோ ஒரு கடுகளவு விரிசல் இருந்திருக்கிறது, அதன் வழியே சோழப் பேரரசு ஒழுகி உலகை மூழ்கடித்துவிட்டது. திரையைப் பெரிதாக்கி விரிசலைத் தேடினேன். சுமத்திராவின் உட்காட்டில் இருந்தது. அங்கே எல்லை எது என்று எனக்கு மட்டுமல்ல, யாருக்கும் தெரியாது. ஆனால் மூடினால்தான் வாளி கேட்கும். மௌஸைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன், மூடிக்கொண்டது. மறுபடி சொடுக்கினேன். பளிச்சென்று ஒரு பேரரசு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, பார்க்க நன்றாகவே இருந்தது.

அன்றிலிருந்து எந்தச் சரித்திர வரைபடத்தைப் பார்த்தாலும் இவர் எங்கே விரிசலை அடைத்தார் என்றுதான் என் கண் தேடுகிறது.

அந்தச் சிவப்புக்குள் என்ன இருந்தது என்று பாருங்கள். இலங்கையின் பொலன்னறுவையில் சோழர்கள் ஏறத்தாழ 1070 வரை இருந்து ஆண்டார்கள். வானவன்மாதேவி ஈஸ்வரம் என்ற சிவன் கோயில் இன்றும் அங்கே கல்வெட்டுகளோடு நிற்கிறது. ஆகவே அங்கே சிவப்பு அடித்தால் கேட்க ஆளில்லை. கடாரத்தில் நடந்தது வேறு. அரசனைப் பிடித்தார்கள், பெருஞ்செல்வத்தையும் விச்சாதிரத் தோரணத்தையும் கைப்பற்றினார்கள் என்று மெய்க்கீர்த்தியே சொல்கிறது. நிலத்தை அளந்து வரி போட்டதாகச் சொல்லவில்லை. சுமத்திராவின் பாரூஸ் அருகே 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அதை வெட்டியவர்கள் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர், அரசனின் அதிகாரிகள் அல்லர். வாளிக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. ஆண்ட இடம், அடித்த இடம், சரக்கு இறக்கிய இடம் மூன்றுக்கும் ஒரே சிவப்பு.

இதையே திருப்பிப் போட்டால் வேடிக்கையாக இருக்கும். ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜன் கொடுத்த செய்தி லைடன் செப்பேடு என்று பெயர்பெற்ற செப்பேட்டில் இருக்கிறது. அந்த ஊரின் வருமானம் கடாரத்தான் கட்டிய விகாரத்துக்கு. வாளி நியாயப்படி நாகப்பட்டினத்தைச் சுற்றிக் கடாரத்தின் நிறத்தை அல்லவா ஊற்ற வேண்டும்? அப்படி ஒரு வீடியோவை உங்கள் பெரியப்பா அனுப்பமாட்டார். எனக்கும் அனுப்ப மனசு வராது.

கடாரம் என்று பொதுவாகச் சொல்லப்படும், இன்றைய மலேசியாவின் கெடாவையே இன்னும் எட்டு நூற்றாண்டு தள்ளிப் பாருங்கள். மூன்றாண்டுக்கு ஒரு முறை கெடா சுல்தான் பாங்காக்குக்குப் பொன்னாலும் வெள்ளியாலும் செய்த மரங்களை அனுப்புவார், புங்கா மாஸ், அதாவது பொற்பூ. வாங்கிக்கொண்ட சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து, அதை அடிமைச் சாசனமாக எடுத்துக்கொண்டது. கெடா தரப்பில் அதை நட்பின் அடையாளம் என்றார்கள். நட்பு எவ்வளவு உறுதியானது என்றால், 1786இல் சுல்தான் பினாங்குத் தீவை ஆங்கிலேயருக்குக் கொடுத்ததே சயாமுக்கு எதிராக அவர்களுடைய பாதுகாப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான். அந்தப் பாதுகாப்பு வரவில்லை. 1821இல் சயாம் படையே வந்தது. இப்போது சொல்லுங்கள், 1800இல் கெடாவுக்கு என்ன நிறம்? அதே காலத்தில் கம்போடியா சயாமுக்கும் வியட்நாமுக்கும் ஒருசேரத் திறை கட்டியது. ஒரே இடத்துக்கு இரண்டு நிறம் கொடுத்தால் வாளி பின்னால் ஊற்றியதைத்தான் வைத்துக்கொள்ளும்.

கோடு என்பதே அந்த மன்னர்களுக்கு அவசரமான விஷயமாக இருக்கவில்லை. 1820களில் சயாமை ஒட்டிய பர்மாப் பகுதியான தெனாசெரிமைப் பிடித்த ஆங்கிலேயர், எல்லை எது எல்லை எது என்று சயாமை விடாமல் கேட்டதையும், பாங்காக் அதற்கு அசிரத்தையாகவே பதில் சொன்னதையும் தோங்சாய் வினிச்சகூன் என்ற தாய்லாந்து வரலாற்றாசிரியர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எனக்கு அந்தத் தாய் அதிகாரிகளைப் பிடித்துப்போனது. வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவனிடம் வேறென்ன சொல்வது?

மற்ற ஊர்க் கதையும் இதேதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரோமப் பேரரசு என்றால் எல்லாரும் போடுவது கி.பி. 117ஆம் ஆண்டுப் படம். மெசொபொட்டேமியா வரை சிவப்பு. பேரரசர் டிராஜன் அந்தக் கிழக்குப் பகுதியைப் பிடித்து வைத்திருந்தது மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று வருடம். அவர் 117 ஆகஸ்டில் இறந்ததும் அடுத்து வந்த ஹாட்ரியன் அதைக் கைகழுவினார். பல நூற்றாண்டு ஆண்ட ஓர் அரசுக்கு அந்த ஒரு வருடத்துப் படம்தான் அடையாள அட்டையாக நிற்கிறது. ஸ்பானியப் பேரரசின் படத்தில் சிலி முழுக்க, கண்டத்தின் வால்வரை ஒரே மஞ்சள். உண்மையில் 1598இல் தொடங்கிய எழுச்சியில் பியோபியோ ஆற்றுக்குத் தெற்கே இருந்த குடியிருப்புகளில் பெரும்பாலானவற்றை அந்த மண்ணின் பூர்வகுடிகளான மபூச்சே மக்கள் துடைத்தெறிந்தார்கள். 1641இல் கியின் என்ற இடத்தில் ஸ்பெயின் அவர்களோடு உட்கார்ந்து பேசி அந்த ஆற்றை எல்லையாக ஏற்றுக்கொண்டது. அவர்கள் அடங்கியது 1880களில், அதுவும் ஸ்பெயினுக்கு அல்ல, சிலிக் குடியரசுக்கு. இரண்டரை நூற்றாண்டு மஞ்சளுக்கு அடியில் சுதந்திரமாக இருந்திருக்கிறார்கள், பாவம்.

எல்லாவற்றையும்விட என்னை எரியவைப்பது பிரிட்டிஷ் பேரரசின் ‘உச்சப் பரப்பு’ப் படம். அமெரிக்காவின் 13 காலனிகளும் அதில் இருக்கும், நைஜீரியாவும் கென்யாவும் இருக்கும். முன்னது கையைவிட்டுப் போய் நூறு வருடம் கழித்துத்தான் பின்னது வந்தது. தாத்தாவையும் பேரனையும் ஒரே வயதில் நிற்கவைத்து எடுத்த குடும்பப் படம் மாதிரி.

எளிமையாக்குவதில் எனக்குக் கோபமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எளிமையாக்காத வரைபடம் கிடையாது. ஹாரி பெக் 1931இல் வரைந்து, 1933இல் அச்சான லண்டன் சுரங்க ரயில் படத்தில் தூரமும் தப்பு, வளைவும் தப்பு. எல்லாம் நேர்க்கோடு, சரிவுக்கோடு. அதைப் பார்த்து யாரும் எரிச்சல்படுவதில்லை. எந்த நிலையத்தில் வண்டி மாறுவது என்று மட்டுமே அது சொல்கிறது, அதைச் சரியாகச் சொல்கிறது. ஏன், ஆங்கிலேயர் காலத்து இந்திய வரைபடங்களையே எடுத்துப் பாருங்கள். தாங்கள் நேரடியாக ஆண்டதற்கு ஒரு நிறம், ஐநூற்றுச் சொச்சம் சமஸ்தானங்களுக்கு வேறு நிறம் என்று பிரித்துக் காட்டுபவை அவற்றில் ஏராளம். ஆண்டவனே ஒப்புக்கொண்டதை நம் வீடியோக்காரர் ஒப்புக்கொள்வதில்லை. முழுவதையும் ஒரே ரோஸ் நிறத்தில் முக்கி எடுக்கிறார்.

சரி, பெரியப்பா.

‘இது அவ்வளவு எளிமையான விஷயம் இல்லை’ என்று எழுதினீர்களே, அதுவும் ஒரு வாளிதான். அந்த வரியை எந்த விஷயத்தின் மீதும் ஊற்றலாம். எங்கே எளிமையில்லை, எந்த மூலையில் என்று நீங்கள் சொல்லவில்லை. ‘நீங்கள் தப்பு’ என்பது மட்டும்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. ‘நீ சொன்னா சரிதான்பா’ என்று எழுதிவிட்டு அந்த மனிதர் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் குடும்பத்தில் டிராஜன் என்ற பெயரைக் கேட்டால் காது கொடுக்கக்கூடியவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். அவரைப் போய் ஊமையாக்கிவிட்டீர்கள். கூப்பிடுங்கள். குழுவில் எழுத வேண்டாம், போனில். ‘பெரியப்பா, அந்த ரோமப் படத்தில் கிழக்கு மூலை இருக்கிறதே, அது எத்தனை வருடம் அவர்கள் கையில் இருந்தது?’ என்று கேளுங்கள். தேடிப்பார்த்து அவரே உங்களுக்குச் சொல்வார். நாலு நிமிடக் குரல்செய்தியாக வரும், முழுசாகக் கேட்டுவிடுங்கள்.

என் வரைபடம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வாளியை விட்டுவிட்டேன். பொலன்னறுவைக்கு மட்டும் முழு நிறம். கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் கப்பல் போன வழியும் புள்ளியும். ஐந்நூற்றுவர் இருந்த இடத்துக்குச் சாய்வாக வரிக்கோடுகள், ஓரம் மூடாமல். ஓர் இரவு முழுக்க ஆனது. கட்டுரை அச்சில் வந்தபோது ஆசையாகப் பிரித்தேன். வரிக்கோடுகளைக் காணோம். சுமத்திராவும் மலாய்த் தீபகற்பமும் வழவழவென்று ஒரே சிவப்பு. கூப்பிட்டுக் கேட்டதற்கு, ‘கோடெல்லாம் விட்டு விட்டு இருந்தது சார், ஃபைல் ஏதோ கெட்டுப்போயிருக்குன்னு நினைச்சோம். நாங்களே சரிபண்ணிட்டோம்’ என்றார்கள்.

அன்புடன்.