கணினி கேள்வி–பதில்: கன்டெய்னருக்குள் குரோமியம் ஏன் விழுகிறது?

எங்கள் மாங்கூழ் ஆர்டர் தளத்துக்கான பிளேரைட் (பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவி) டெஸ்டுகள் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகின்றன. சர்வரில் டாக்கர் கன்டெய்னருக்குள் (மென்பொருளைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டி) போட்டால் பாதியில் ‘பேஜ் கிராஷ்டு’ என்று நின்றுவிடுகின்றன. ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓட்டி, சாண்ட்பாக்ஸை (பக்கங்களை அடைத்துவைக்கும் பிரவுசரின் பாதுகாப்பு வளையத்தை) அணைத்துவிடு என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். செய்யலாமா?
— வாசகர், ஓசூர்

வேண்டாம். இந்த நோய்க்கு அது மருந்தே இல்லை. குரோமியம் பிரவுசரின் புராசஸ்கள் (தனித்தனியாக ஓடும் பகுதிகள்) தமக்குள் படங்களையும் வரைந்த பக்கங்களையும் பரிமாறிக்கொள்வது ஷேர்டு மெமரி (பொதுவில் பகிரும் நினைவகம்) வழியாக. டாக்கர் அதற்கு ஒதுக்குவது வெறும் 64 எம்.பி. பெரிய படங்கள் நிறைந்த பக்கம் வந்ததும் அது நிரம்பிவிடும், பக்கம் விழும். கன்டெய்னரைத் தொடங்கும்போதே ஷேர்டு மெமரியை 1 ஜி.பி. என்று கொடுங்கள். ஹோஸ்டின் (கன்டெய்னர் ஓடும் சர்வரின்) ஐ.பி.சி.யை, அதாவது புராசஸ்கள் பேசிக்கொள்ளும் தடத்தை, பகிரும் வழியும் உண்டு. ஆனால் பாதுகாப்புக்காகப் போட்ட சுவரில் நாமே ஓட்டை போடுவானேன்?

ஒன்றைக் கவனியுங்கள்: ஷேர்டு மெமரியில் எழுதுவதும் கன்டெய்னரின் மொத்த மெமரி வரம்பில்தான் கணக்காகும். வரம்பு 512 எம்.பி. என்றால் 1 ஜி.பி. கொடுத்துப் பயனில்லை, மெமரி தீர்ந்ததும் கன்டெய்னர் 137 என்ற வெளியேறு எண்ணோடு சாகலாம். பிளேரைட் தன் வொர்க்கர்களின் (தனித்தனி பிரவுசரோடு இணையாக டெஸ்ட் ஓட்டும் புராசஸ்கள்) எண்ணிக்கையை ஹோஸ்டின் கோர்களில் பாதி என்று எடுத்துக்கொள்ளும். 16 கோர் சர்வரில் கன்டெய்னருக்கு 2 கோர் மட்டும் கொடுத்திருந்தாலும் 8 வொர்க்கர் கிளம்பும். கான்ஃபிகில் 2 என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

சாண்ட்பாக்ஸ் விஷயம் வேறு. அதில் கோளாறு என்றால் பிரவுசர் பாதியில் விழாது, தொடங்கவே தொடங்காது. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: பிளேரைட் இயல்பாகவே குரோமியம் சாண்ட்பாக்ஸை அணைத்துத்தான் ஓட்டுகிறது. சொந்தத் தளத்தை மட்டும் திறக்கும் டெஸ்டுக்கு அது பெரிய ஆபத்தில்லை. வெளித் தளங்களையும் திறப்பதானால், ரூட் அல்லாத பயனரில் ஓட்டி, லாஞ்ச் ஆப்ஷனில் சாண்ட்பாக்ஸை இயக்குங்கள். டாக்கரின் இயல்பான செக்காம்ப் ப்ரொஃபைல் (கெர்னலை எந்த அழைப்புகளால் அணுகலாம் என்ற பட்டியல்), சாண்ட்பாக்ஸுக்குத் தேவையான புதிய யூசர் நேம்ஸ்பேஸ் (தனிப் பயனர் வெளி) உருவாக்க விடாது. குளோன், அன்ஷேர், செட்என்எஸ் என்ற மூன்று அழைப்புகளையும் அனுமதிக்கும் ப்ரொஃபைலை பிளேரைட்காரர்களே தருகிறார்கள், அதைப் போடுங்கள். கன்டெய்னரின் கேப்பபிலிட்டி (ரூட்டின் தனித்தனி அதிகாரங்கள்) எல்லாவற்றையும் நீக்கியிருந்தால், புராசஸின் ரூட் ஃபோல்டரை மாற்றும் சி.எச்.ரூட் அழைப்பும் தடைபடும். சாண்ட்பாக்ஸுக்கு அதுவும் தேவை என்பதால் ப்ரொஃபைலில் அதையும் சேர்க்க வேண்டும். பெரும்பாலோர் சலித்துப்போய்ச் சாண்ட்பாக்ஸையே கைவிடும் இடம் இதுதான்.

கன்டெய்னர் இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) சின்னதாக இருக்கட்டும் என்று அல்பைன் என்ற சிறிய லினக்ஸை எடுத்தேன். பிரவுசர் ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது. ஓட்டினால் ‘ஃபைல் இல்லை’ என்கிறது!
— கல்லூரி மாணவர், பென்னாகரம்

இல்லாதது பிரவுசர் அல்ல, அதை ஏற்றும் லோடர். பிளேரைட் இறக்கும் பிரவுசர்கள் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரிக்காகக் கட்டப்பட்டவை; அல்பைனில் இருப்பதோ மசல் என்ற வேறொன்று. டெபியன் லினக்ஸின் ஸ்லிம் (சுருக்கப்பட்ட) இமேஜுக்கு மாறி, தேவையான லைப்ரரிகளோடு குரோமியத்தின் ஹெட்லெஸ் ஷெல்லை (திரையில்லாமல் ஓடும் வடிவத்தை) மட்டும் இறக்குங்கள். ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் இரண்டையும் விட்டாலே இமேஜ் நன்றாக இளைத்துவிடும். இன்னும் சிறிதாக்கிய டிஸ்ட்ரோலெஸ் இமேஜ் பக்கம் போகாதீர்கள். அதில் கமாண்ட் ஷெல்லும் இல்லை, பேக்கேஜ் மேனேஜரும் இல்லை. லைப்ரரிகளை ஒவ்வொன்றாகக் கையால் நகலெடுத்து மாளாது.

ஸ்கிரீன்ஷாட்டில் தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. தேதி டெஸ்டும் சில நாள் காலையில் மட்டும் தோற்கிறது.
— வாசகி, காவேரிப்பட்டணம்

ஸ்லிம் இமேஜில் தமிழ் எழுத்துரு இருக்காது. டெபியனில் நோட்டோ கோர் அல்லது லோஹித் தமிழ் பேக்கேஜைப் போடுங்கள். எது போட்டாலும் குழுவில் எல்லோரும் அதே இமேஜில்தான் ஒப்பீட்டுப் படங்களை எடுக்க வேண்டும். எழுத்துரு மாறினால் வரி மடங்கும் இடம் மாறி டெஸ்ட் தோற்கும்.

தேதிக் கோளாறுக்குக் காரணம், கன்டெய்னரின் கடிகாரம் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரத்தில்) ஓடுவது. நமக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை அங்கே நேற்றைய தேதிதான். பிளேரைட் கான்ஃபிகில் டைம்ஸோனை ஆசியா/கொல்கத்தா என்று வையுங்கள். அது பிரவுசரை மட்டுமே மாற்றும். டெஸ்ட் கோடும் தேதி கணக்கிடுகிறது என்றால் கன்டெய்னரின் டி.இசட். (நேர மண்டல) மாறியிலும் அதையே கொடுக்க வேண்டும்.