அக்டோபரில் பிறந்த தங்கைக்கு மோதிரம்: ஓப்பலா, டூர்மலினா?

தங்கைக்கு அக்டோபரில் பிறந்தநாள், வேலைக்குப் போகிற பெண், தினமும் போட்டுக்கொள்கிற மாதிரி பிறந்த மாதக் கல் வைத்து மோதிரம் செய்து தரலாம் என்று இருக்கிறேன், ஓப்பல் நல்லதா டூர்மலின் நல்லதா, சென்னையில் எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தினமும் கையில் கிடக்கப்போகிற மோதிரம் என்றால் யோசிக்கவே வேண்டாம், டூர்மலின். ஓப்பல்தான் மனதுக்குப் பிடித்திருக்கிறது என்றால் அதை மோதிரத்தில் வைக்காதீர்கள், தோட்டிலோ டாலரிலோ வையுங்கள். நானும் அக்டோபரில் பிறந்தவள்தான், என்னிடம் இரண்டு கல்லும் இருக்கின்றன. என் மாமனார் சௌகார்பேட்டையில் கல் கட்டும் வேலை செய்தவர், வீட்டில் இந்தப் பேச்சு எப்போதும் ஓடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாதக் கல் வேறு, நம் ஊர் ராசிக்கல் வேறு. இன்று எல்லாரும் சொல்கிற மாதக் கல் பட்டியல் 1912-ல் அமெரிக்க நகை வியாபாரிகள் சங்கம் முடிவு செய்தது. அதிலேயே அக்டோபருக்கு ஓப்பல், டூர்மலின் இரண்டும் இருந்தன. ஜாதகம், நட்சத்திரம் எதுவும் அதில் கிடையாது. நம் பக்கம் நவரத்தினக் கணக்கு, கிரகத்துக்கு ஒரு கல். சுக்கிரனுக்கு வைரம், வைரத்துக்குப் பதிலாக ஓப்பல் போடச் சொல்கிற ஜோசியர்களும் உண்டு. வீட்டில் அம்மா "இது அவளுக்கு ஆகுமா" என்று கேட்கிறவராக இருந்தால் முதலிலேயே ஜோசியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாங்கிக் கொடுத்த பிறகு அது பெட்டியிலேயே கிடப்பதைவிட அது மேல்.

ஓப்பல் ஏன் மோதிரத்துக்கு ஆகாது என்றால், அது கல் மாதிரி இருந்தாலும் மற்ற ரத்தினங்களைப் போலப் படிகம் அல்ல. கண்ணுக்கே தெரியாத சிலிக்கா உருண்டைகள் ஒழுங்காக அடுக்கி, நடுவே தண்ணீரும் சேர்ந்து இறுகியது. அந்த அடுக்கில் பட்டு ஒளி பிரிவதால்தான் கல்லைத் திருப்பத் திருப்பப் பச்சை, நீலம், ஆரஞ்சு என்று ஓடுகிறது. உருண்டைகள் பெரிதாக இருந்தால்தான் சிவப்பு வரும், அது அபூர்வம், அதனால் சிவப்பு தெறிக்கிற கல்லுக்கு விலை அதிகம். தண்ணீர் பெரும்பாலும் 6 முதல் 10 சதவீதம் இருக்கும். கல் எவ்வளவு கீறல் தாங்கும் என்று 1 முதல் 10 வரை சொல்கிற மோஸ் அளவில் இதன் கடினம் ஐந்தரையிலிருந்து ஆறரைதான். நம் தெருப் புழுதியில் இருக்கிற மணல் துகள் 7. அதாவது மேலே படிந்த தூசியைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாலே நாளடைவில் பளபளப்பு மங்கும். பஸ் கம்பியைப் பிடிக்கிற, பாத்திரம் துலக்குகிற, வண்டி ஓட்டுகிற கைக்கு இது தாங்காது.

இன்னொன்று எண்ணெய். ஐப்பசியில்தான் தீபாவளி, விடிகாலை நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளியல், நகையைக் கழற்றாமல் குளிக்கிறவர்கள்தான் அதிகம். இப்போது கடைகளில் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கிற ஓப்பலில் பெரும்பகுதி எத்தியோப்பியக் கல், 2008-ல் வோல்லோ பகுதியில் கிடைத்த சுரங்கத்திலிருந்து வருவது, ஜெய்ப்பூரில் பட்டை தீட்டுகிறார்கள். நிறம் அள்ளும், ஆனால் அது ஈரத்தை உறிஞ்சுகிற கல். தண்ணீரில் போட்டால் கண்ணாடி மாதிரி ஆகி நிறமே காணாமல் போகும், தானாகக் காயவிட்டால் சில நாளில் திரும்பி வரும். எண்ணெயும் மஞ்சளும் உள்ளே போனால் அப்படித் திரும்பாது, கல் பழுப்பேறிவிடும். வலது கையில் போட்டுக்கொண்டு சாம்பார் சாதம் பிசைகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போடுவது, கடையில் அந்த அதிர்வு மெஷினில் போட்டுக் கழுவுவது இரண்டும் ஓப்பலுக்கு ஆகாது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் அடைத்து வருஷக்கணக்கில் லாக்கரில் வைக்கவும் வேண்டாம், காய்ந்தால் சில கல் மெல்லிய வலை மாதிரி வெடிப்பு விடும். ஆஸ்திரேலியக் கல் பொதுவாக ஈரத்தை உறிஞ்சாது, அது கொஞ்சம் நிம்மதி, விலைதான் கூட.

இவ்வளவு சொன்னாலும் எனக்கு ஓப்பல்தான் பிரியம். தோடு என்றால் எதிலும் இடிபடாது, குளிக்கும்போது கழற்றுவதும் சுலபம், பேசும்போது தலை அசைந்தால் உள்ளே நிறம் ஓடும், அந்த அழகு வேறு எந்தக் கல்லிலும் வராது. நீங்கள் மனது மாறி ஓப்பல் தோடு வாங்கினால் நான் சந்தோஷப்படுவேன்.

வாங்கும்போது பக்கவாட்டில் பாருங்கள். மாமனார் ஓப்பல் கைக்கு வந்தால் மேல்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார், சாமணத்தில் பிடித்து முதலில் விளிம்பைத்தான் வெளிச்சத்துக்குக் காட்டுவார். அங்கே ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேர்க்கோடு தெரிந்தால் அது ஒட்டுக்கல்: மெல்லிய ஓப்பல் சீவலைக் கறுப்புக் கல்லின் மேல் பசை போட்டு ஒட்டியது, இல்லையென்றால் அதன் மேலும் ஒரு ஸ்படிகமோ கண்ணாடியோ மூடியது. ஒட்டுக்கல் என்று சொல்லி அதற்கான விலைக்கு விற்றால் தப்பே இல்லை, பார்க்கவும் நன்றாக இருக்கும், ஆனால் தண்ணீர் பசைக்குள் இறங்கினால் ஓரம் வெளுக்கும். பின்பக்கம் முழுதாக மூடிக் கட்டிய நகையில் இந்த விளிம்பு தெரியாது. அதனால் கட்டாத கல்லாகவே வாங்கிப் பிறகு கட்டச் சொல்வது நல்லது, அல்லது பின்பக்கம் திறந்த கட்டாக எடுங்கள். அப்புறம் 'ஓப்பலைட்' என்று ஒன்று குவித்து வைத்திருப்பார்கள், நீலப் பால் நிறத்தில் அழகாக இருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆரஞ்சாகத் தெரியும், நிறம் துண்டு துண்டாக ஓடவே ஓடாது. அது கண்ணாடி. பாசிமாலை கோக்க வாங்கலாம், ஓப்பல் விலைக்கு வாங்கக் கூடாது.

தி. நகரில் எந்தக் கடைக்குப் போனாலும் தலைக்கு மேல் பளீரென்று விளக்கு இருக்கும், அதன் கீழே எல்லா ஓப்பலும் எரியும். கல்லை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் பார்க்கிறேன் என்று கேளுங்கள், கடைப் பையனைக் கூடவே அனுப்புவார்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மழை மூட்டம் போட்ட மதியத்தில் நிறம் காட்டுகிற கல்தான் நல்ல கல். வீட்டு டியூப்லைட்டில் அது எப்படி இருக்கும் என்பதையும் அதை வைத்தே ஊகித்துவிடலாம்.

சரி, மோதிரத்துக்கு வருவோம். டூர்மலின் கடினம் 7 முதல் 7.5, தினசரிக்குப் போதும். ரோஜா, பச்சை, நீலம், ஒரே கல்லில் ரோஜாவும் பச்சையும் என்று எல்லா நிறத்திலும் வரும். நல்ல சிவப்பு டூர்மலினை மாணிக்கம் என்றே நம்பியவர்கள் அந்தக் காலத்திலிருந்து உண்டு, 1777-ல் ஸ்வீடன் அரசர் ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்குக் கொடுத்த 'சீசரின் மாணிக்கம்' என்கிற கல்லே பிறகு டூர்மலின் என்று தெரிந்தது. இந்தக் கல்லுக்கு ஒரு குணம், எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோமோ அதற்குத் தக்கபடி நிறம் மாறும். சில பச்சைக் கற்கள் ஒரு வாக்கில் பளிச்சென்றும் இன்னொரு வாக்கில் கிட்டத்தட்டக் கறுப்பாகவும் இருக்கும். கையை நீட்டி விரல்மேல் வைத்துப் பாருங்கள், போட்டுக்கொண்டால் தெரியப்போவது அந்த நிறம்தான். ரோஜா நிறத்தில் உள்ளே மெல்லிய கோடுகள் இருப்பது சகஜம், அதற்காக ஒதுக்க வேண்டாம், ஆனால் மேற்பரப்பு வரை வந்து முடிகிற வெடிப்பு இருக்கிறதா, அதில் ஏதாவது நிரப்பியிருக்கிறார்களா என்று கேட்டு, விலை அதிகமென்றால் லேப் சான்றிதழோடு வாங்குங்கள். சூடானால் தூசியை இழுக்கிற கல் இது, 1700-களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து கொண்டுபோன டச்சுக்காரர்கள் இதைச் சாம்பல் இழுப்பான் என்றே அழைத்தார்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவினால் சரியாகிவிடும்.

கட்டு எப்படி என்றால், கல்லைச் சுற்றி முழுக்கத் தங்க விளிம்பு வருகிற மாதிரி கட்டச் சொல்லுங்கள். துணியில் மாட்டாது, இடி விழுந்தாலும் விளிம்பு வாங்கிக்கொள்ளும். நாலு கம்பி பிடிப்புதான் வேண்டும் என்றால் 18 கேரட் தங்கம் நல்லது, 916 என்கிற 22 கேரட் தங்கம் மென்மை, பிடிப்பு நாளடைவில் வளையும்.

பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை மூன்றும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கல்லுக்குக் கேரட் என்றால் எடை, தங்கத்தின் தரம் அல்ல; ஒரு கேரட் 0.2 கிராம். 10 கேரட் ஓப்பல் டாலர் என்றால் கல்லே 2 கிராம், அதையும் சேர்த்துத் தங்க விலை போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். சேதாரமும் நிகரத் தங்கத்துக்குத்தானா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கல் விலையை ரத்தி என்கிற பழைய எடைக் கணக்கில் சொன்னால் கேரட்டில் சொல்லச் சொல்லுங்கள், ரத்திக்கு இடத்துக்கு இடம் கணக்கு வேறு. நகையில் இருக்கிற ஹெச்யூஐடி என்கிற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளத்தை அரசின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம், ஆனால் அது தங்கத்துக்கு மட்டும், கல்லுக்கு அல்ல. திரும்ப விற்கும்போது இந்தக் கற்களுக்குப் பெரும்பாலும் காசு வராது, எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் தருவார்கள். அதனால் பட்ஜெட்டில் கல்லுக்கு ஒதுக்குகிற பணத்தை முதலீடாக நினைக்காமல் அவளுடைய ஆசைக்கு என்று ஒதுக்குங்கள்.

விரல் அளவை மட்டும் முன்பே சரியாக எடுத்துவிடுங்கள், அவள் அதே விரலில் போடுகிற மோதிரம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனால் போதும். பிறகு அளவு மாற்ற வேண்டுமென்றால் பத்தர் தீ காட்ட வேண்டியிருக்கும், டூர்மலின் திடீர்ச் சூடு தாங்காது, கல்லைக் கழற்றித்தான் செய்ய வேண்டும். அதுவும் தீபாவளி நெருக்கத்தில் எந்தப் பட்டறையிலும் அவசரத்துக்கு ஆள் கிடைக்காது, ஆவணி முடிவதற்குள் ஆர்டர் கொடுத்துவிடுங்கள்.