லேப்டாப்போடு ஊர் சுற்றப் போகிறேன் என்கிற மகன்: கொழிஞ்சாம்பாறை அக்காவுக்கு ஒரு பதில்

அக்கா, போன வாரம் உங்கள் மகனின் போனை என் மேசைமேல் வைத்து ஒரு வரியைக் காட்டினீர்கள். தன்னைப் பற்றி அவனே எழுதி வைத்திருந்தது. "பயணி. ஆன்லைன் தொழில்முனைவோர். தொழில்நுட்பம், சமூகம், உலகச் செய்திகளில் ஆர்வம்."

"ஏனுங் சார், பயணிங்கறான், பாலக்காடு தாண்டி எங்க போயிருக்கான்? தொழிலுங்கறான், ஒத்த ரூவா வந்ததில்ல. கடைசியாச் சொன்னது மட்டுந்தான் நெசம். எந்நேரமும் நியூஸு" என்றீர்கள். தம்பி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைக்கு வெளியே நாலு பேர் காத்திருந்ததால் பாதியில் விட்டோம். இதை விட்டுவிட்டுப் பி.எஸ்.சி. (கேரள அரசு வேலைக்கான தேர்வு) எழுதச் சொல்லட்டுமா என்று நீங்கள் கேட்டதற்கும் சேர்த்து மீதியை எழுதுகிறேன்.

அந்த வரியில் உண்மையான ஒரே பகுதியைத்தான் நீங்கள் வீண் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவனிடம் இப்போதைக்கு இருக்கிற ஒரே கைமுதல் அதுதான். அதை வைத்து என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அது உங்களுக்குத் தெரியும் என்பதை அன்றைக்கு என் கண்ணால் பார்த்தேன்.

நினைவிருக்கிறதா? "சமீபத்தில் படித்ததில் ஒரு செய்தியை அம்மாவுக்குப் புரியும்படி சொல்லு" என்றேன். அமெரிக்கப் பார்சல் கதையைச் சொன்னான், நன்றாகவே சொன்னான். 800 டாலர் வரை மதிப்புள்ள பார்சல் அமெரிக்காவுக்குள் சுங்க வரி இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகையை நிறுத்தினார்கள். வரியை யார் வசூலிப்பது என்ற குழப்பத்தில் நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதலே பெரும்பாலான பார்சல்களை எடுப்பதை நிறுத்தியது. அக்டோபர் 15-ல்தான் மறுபடி தொடங்கியது. தேதி, தொகை எல்லாம் பிசகாமல் ஒப்பித்தான்.

நீங்கள் கேட்டீர்கள்: "அப்ப இங்கிருந்து துணிமணி அனுப்பிட்டிருந்தவங்க அந்த ரெண்டு மாசம் என்ன பண்ணுனாங்க?"

அவனிடம் பதில் இல்லை. வாயை மூடிக்கொண்டான்.

அக்கா, தொழில் செய்கிறவர் கேட்கிற கேள்வி அது. யார் தவித்தார்கள், யாருக்கு உடனே மாற்று வழி வேண்டியிருந்தது, அந்த வழியைக் காட்டியவருக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்? செய்தி படிக்கிற ஆயிரம் பேரில் ஒருவர்தான் அங்கே போய் நிற்பார். உங்களுக்கு அது பழக்கமாகவே இருக்கிறது. காலையில் சொசைட்டியில் பாலை ஊற்றியதும் சீட்டில் கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) எவ்வளவு என்று பார்க்கிறீர்கள். ஒரு புள்ளி குறைந்தால் அன்று சாயந்தரமே தீவனத்தை மாற்றுகிறீர்கள். ஓணம் நெருங்கி, மீனாட்சிபுரம் எல்லைச் சோதனைச் சாவடியில் தமிழ்நாட்டுப் பால் வண்டிகளைப் பரிசோதிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் அது உங்களுக்கு வெறும் செய்தி இல்லை. ஆழியாற்றில் தண்ணீர் எப்போது விடுவார்கள் என்பதும் அப்படித்தான். நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் எந்தத் தோட்டக்காரரைக் கேட்டாலும் பொள்ளாச்சியில் தேங்காய் என்ன விலை, இந்தப் பக்கம் என்ன விலை என்று இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் டீயே குடிப்பார். கேரள-தமிழ்நாட்டு எல்லையில் வாழ்கிறவர்களுக்குச் செய்தி என்பது வரவு செலவு. உங்கள் பையனும் இந்த மண்தான். ஆனால் போனுக்குள் போனதும் ஊர்ப் புத்தியை வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டான்.

ஆகவே அவனுக்கு ஒரு நோட்டு கொடுத்தேன். நாளுக்கு ஒரே ஒரு செய்தி. இடது பக்கம் என்ன நடந்தது என்று மூன்று வரி. வலது பக்கம், இதனால் யாருக்குக் கஷ்டம், யாருக்கு வேலை, நான் என்ன செய்து கொடுக்கலாம். இடது பக்கம் மட்டும் நிறைந்து வலது பக்கம் காலியாக இருந்தால் அது பொழுதுபோக்கு. கிரிக்கெட் பார்ப்பதுபோல. தப்பில்லை, ஆனால் தொழில் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

உலகச் செய்தி இந்தத் தொழிலில் எவ்வளவு பக்கத்தில் வந்து இடிக்கும் என்பதற்கு அவனுக்கே தெரிந்த உதாரணம் ஒன்று. 2020 ஜூன் 15-ல் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு மோதல். ஜூன் 29-ல் டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை. இரண்டு வாரம்தான் இடைவெளி. ஆடிப் பாடி லட்சக்கணக்கில் ஆள் சேர்த்து, அதிலேயே வருமானமும் பார்த்தவர்கள் ஒரே ராத்திரியில் வெறுங்கையோடு நின்றார்கள். அடுத்தவன் வயலில் குடிசை போட்டவன் கதிதான். வாடிக்கையாளரின் மின்னஞ்சல், போன் நம்பர் என்று சொந்தமாக ஒரு பட்டியல் வைத்திருந்தவர்கள் வேறு இடத்தில் கடை போட்டுப் பிழைத்தார்கள். இதை அவனிடம் நான் பாடமாகச் சொல்லவில்லை, நோட்டின் முதல் பக்கத்துக்கு வேலையாகக் கொடுத்திருக்கிறேன். எழுதட்டும்.

இப்போது பயணம். இங்கே நான் கொஞ்சம் கறாரான ஆள். கடற்கரையில் இளநீரும் லேப்டாப்பும் வைத்துப் படம் போடுகிறவர்கள், அந்தப் படத்தைக் காட்டியே வகுப்பு விற்கிறார்கள். வெயிலில் திரை தெரியாது என்பதுகூட அந்தப் படம் பார்க்கிறவர்களுக்குத் தோன்றுவதில்லை. முதலில் சம்பாத்தியம், பிறகு சஞ்சாரம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆறு மாதம் தொடர்ந்து பணம் பார்த்தவனுக்கு எந்த ஊரும் திண்ணைதான். பார்க்காதவனுக்குப் பாலித் தீவுக்குப் போனாலும் கடன்தான்.

முதல் வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருக்க வேண்டியதில்லை. பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறான். கணக்கு தெரியும். தமிழ், மலையாளம் இரண்டும் வீட்டு மொழிபோல் வரும், இங்கிலீஷ் ஓரளவு. கோயம்புத்தூர்க் கடைக்காரர் பாலக்காட்டு வாடிக்கையாளரைப் பிடிக்க மலையாளத்தில் பக்கம் வேண்டும், திருச்சூர்க் கடைக்காரருக்குத் தமிழில் வேண்டும். எந்திரம் மொழிபெயர்த்துத் தரும்தான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் வெறும் மொழிபெயர்ப்புக்கும் கட்டுரைக்கும் காசு கேட்பது கஷ்டமாகிவிட்டது. ஆனால் எந்திரம் எழுதிய தமிழைப் படித்து, "இந்த வார்த்தையைப் பார்த்தால் பொள்ளாச்சிக்காரன் சிரிப்பான்" என்று சொல்ல இரண்டு பக்கமும் வாழ்ந்தவன் வேண்டும். அதோடு கணக்கையும் பார்த்துக் கொடுத்தால் விடமாட்டார்கள்.

ஒரு விஷயம் கவனம். வேலந்தாவளம் தாண்டினால் வெளிமாநிலம். எழுதிக் கொடுப்பது, கணக்குப் பார்ப்பது போன்ற சேவை என்றால் வருடத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை, வாடிக்கையாளர் எந்த மாநிலமானாலும். ஆனால் வரிக்குரிய பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால், சில கைவினைப் பொருட்கள் நீங்கலாக, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடைக்கு அனுப்பினாலும் இதே கதைதான். இது தெரியாமல் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. தொழிலை உத்யம் என்கிற, சிறு தொழில்களுக்கான அரசுத் தளத்தில் பதிவு செய்வது இலவசம். அதற்குக் கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடட்டும்.

வெளிநாட்டுப் பணம் வர ஆரம்பித்தால் ஒவ்வொரு முறையும் வங்கியிடமிருந்து வரவுச் சான்று வாங்கிச் சேர்க்க வேண்டும். அப்பா கணக்கிலோ மாமா கணக்கிலோ வாங்கவே கூடாது. ராத்திரி வேலைக்கும் நீங்கள் தயாராகுங்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் 6.30. மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் அந்தத் திங்கட்கிழமை ஒரு மணி நேரம் தாமதமாகக் கூப்பிட்டு, இரண்டு மாதம் பேசிப் பிடித்த வேலையை இழந்தான். உலகச் செய்தி படிக்கிறவன்தான் அவனும்.

விசா விஷயத்தில் வீடியோக்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை பார்ப்பது பல நாடுகளில் சிக்கலில் முடியும். இதற்கென்றே தனி விசா தரும் நாடுகள் இருக்கின்றன, ஆனால் சும்மா தருவதில்லை. தாய்லாந்து 2024-ல் தொடங்கிய ஐந்து வருட விசாவுக்கு 5 லட்சம் பாட் கையிருப்பு காட்ட வேண்டும். ஒரு தடவை போனால் 180 நாள் தங்கலாம். மலேசியா கணினித் துறைக்காரர்களிடம் வருடம் 24,000 டாலர் வருமானம் கேட்கிறது. தொகை மாறலாம், கிளம்பும்போது தூதரகத் தளத்தில் பார்க்கட்டும். இந்த எண்களை அவன் அறைச் சுவரில் ஒட்டி வைத்தால் நல்லது.

இதைவிட முக்கியமான பயம் ஒன்று உண்டு, அது உங்களுக்கு வர வேண்டும். "தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, டிக்கெட் நாங்களே போடுகிறோம்" என்று டெலிகிராமில் வந்தால் அது வேலை இல்லை. அப்படிப் போனவர்களை எல்லை தாண்டி மியான்மருக்குள் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். 2025 மார்ச்சில் நூற்றுக்கணக்கான இந்தியர்களை தாய்லாந்தின் எல்லை ஊரான மே சாட் வழியாக விமானப்படை விமானத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு காகிதத்திலும் கையெழுத்து வேண்டாம்.

சரி, பி.எஸ்.சி.? நீங்கள் கேட்டது அதுதான், நான் சுற்றி வளைத்துவிட்டேன். தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கான எல்.டி. கிளார்க் (கீழ்நிலை எழுத்தர்) வேலை நல்ல வேலை, மறுக்கவில்லை. பொதுப்பிரிவுக்கே 36 வயதுவரை எழுதலாம். தம்பிக்கு வயது 20. கதவு சாத்திவிடுமோ என்று இப்போதே ஓட வேண்டியதில்லை. அதற்கும் பொது அறிவு, நடப்புச் செய்தி படிக்கத்தான் வேண்டும் என்பதால் அவன் படிப்பது எதுவும் வீண்போகாது. பி.காமை மட்டும் பாதியில் விடக் கூடாது. இதில் நான் முழுக்க உங்கள் கட்சி. கூடவே இன்னொன்று படிக்க ஆசைப்பட்டால், 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. அனுமதிக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் டேட்டா சயின்ஸ் ஆன்லைன் பட்டத்துக்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை. பாடம் வீட்டிலிருந்தே படிக்கலாம், பரீட்சைக்கு மட்டும் மையத்துக்குப் போக வேண்டும். ஆனால் கணக்கு கடினம். வகுப்பில் தூங்குகிறவன் வீட்டில் விழித்திருப்பானா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் சனிக்கிழமை வாருங்கள். காலைப் பாலை ஊற்றிவிட்டு நிதானமாக வந்தால் போதும், பத்து மணிக்கு மேல் இருப்பேன். தம்பி நோட்டைக் கொண்டு வரட்டும். அதற்கு முன்பு ராத்திரி சாப்பிடும்போது அவன் சொல்கிற செய்திக்கு அன்றைக்குக் கேட்டதுபோல் ஒரு கேள்வி கேளுங்கள். அவன் முழித்தால் திட்ட வேண்டாம், வலது பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வரும்போது இந்த மாதத்துப் பால் சீட்டுகளையும் எடுத்து வாருங்கள். அதை வைத்து அவனுக்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.