முழங்கைக்கு மேலே ஓர் எலும்பு முள்: அகற்ற வேண்டுமா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன், வயது 34. ஏற்காடு மலைப்பாதையில் பைக்கிலிருந்து விழுந்தபோது எடுத்த எக்ஸ்ரேயில், வலது முழங்கைக்கு மேலே எலும்பில் ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. கட்டியாக இருக்கலாம் என்கிறார்கள். சில மாதங்களாகவே கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றன. அறுவை சிகிச்சை தேவையா?

பதில்: 'கட்டி' என்று கேட்ட அன்றே உங்கள் தூக்கம் போயிருக்கும். அந்தச் சொல்லை அவசரப்பட்டு உதிர்ப்பவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. படத்தில் அந்த முள்ளின் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறது? கீழே, முழங்கையை நோக்கி என்றால், அது பெரும்பாலும் பிறவி அமைப்புதான். ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு, முழங்கையின் உள்மேட்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் மேலே இப்படி இருக்கும். ஆஸ்டியோகாண்ட்ரோமா என்ற கட்டியோ மூட்டைவிட்டு விலகி வளரும். அதன் உட்பகுதி எலும்பு மஜ்ஜையோடு தொடர்ந்திருக்கும். நேர், பக்கவாட்டுப் படங்களில் ஐயம் தீராவிட்டால் சாய்வாக ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். விழுந்ததில் முள்ளே முறிந்திருக்கலாம். அந்த இடத்தை அழுத்தினால் வலிக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

1848இல் இதைப் பற்றி எழுதிய ஸ்காட்லாந்து உடற்கூறியலாளர் ஜான் ஸ்ட்ரதர்ஸின் பெயரில் ஓர் இணைப்புநார் உண்டு. முள்ளின் நுனியிலிருந்து உள்மேடுவரை அது ஓடினால், அடியில் ஒரு சந்து உண்டாகும். கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சி தரும் நடு நரம்பும் கையின் பெரிய தமனியும் அதற்குள் புகுந்து செல்லலாம். பூனைக்கு அந்த இடத்தில் எலும்பாலேயே முழுத் துளை இருக்கிறது.

ஆனால் மரத்துப்போவதற்கு முள்தான் காரணம் என்று முடிவுகட்டாதீர்கள். குறடு பிடித்து நாள் முழுக்க மணிக்கட்டை மடக்குபவருக்குக் கார்ப்பல் டனல் தொல்லை, அதாவது அதே நடு நரம்பு மணிக்கட்டில் நெருக்கப்படுவது, வருவதே அதிகம். அதில் இரவில் மரத்து விழிப்பு வரும். உள்ளங்கைத் தோலில் உணர்ச்சி குறையாது, ஏனெனில் அதற்கான நரம்புக் கிளை மணிக்கட்டுக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. உள்ளங்கையும் மரத்து, முழங்கையை நீட்டும்போது தொல்லை கூடி, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பும் வலுவும் குறைந்தால் சந்தேகம் முள்ளின் மேல் திரும்பும். நரம்பில் எங்கே தடை என்று காட்டும் நரம்புக் கடத்தல் சோதனை செய்து, எலும்பு மருத்துவரிடம் படத்தோடு காட்டுங்கள்.

கோளாறு மணிக்கட்டில்தான் என்றால் முள்ளைத் தொடவே வேண்டாம். முள்தான் நெருக்குகிறது என்று உறுதியானால், அதையும் இணைப்புநாரையும் எலும்பின் மேலுறையோடு சேர்த்து எடுப்பார்கள். உறையை விட்டுவைத்தால் முள் மறுபடி வளரக்கூடும்.