கண்மாய் மண்ணும் கிரீஸ் வாளியும்

கேள்வி: காரைக்குடி பக்கம் பழைய பேக்ஹோ (மண் தோண்டும் வண்டி) ஒன்றைக் கண்மாய் வேலைக்கு ஓட்டுகிறேன். ஊற்றி நாலு நாளில் இன்ஜின் ஆயில் கறுத்துப்போகிறது, மண் அள்ளும் பக்கெட்டை மாட்டியிருக்கும் இரும்புப் பின்களும் சீக்கிரம் தேய்கின்றன. விலை கூடின ஆயிலுக்கு மாறலாமா?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: ஆயில் கறுப்பதற்கெல்லாம் பயப்படாதீங்க தம்பி. டீசல் இன்ஜினில் உண்டாகும் கரியைப் படியவிடாமல் தனக்குள்ளேயே மிதக்க வைப்பதும் ஆயிலின் வேலைதான், அதனால் கறுக்கத்தான் செய்யும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பால் காப்பி நிறம் தெரிந்தால்தான் சிக்கல், தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். விலையைப் பார்க்காமல் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 15டபிள்யூ-40 என்பது வெறும் கனம், தரத்தைச் சொல்வது பக்கத்தில் இருக்கும் சிஎஃப்-4, சிஐ-4 போன்ற எழுத்துகள், இதில் சிஐ-4 பிந்தி வந்தது, மேலானது. வண்டியின் கையேடு கேட்பதற்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள்.

பக்கெட் பின் தேய்வதற்கும் இன்ஜின் ஆயிலுக்கும் சம்பந்தமே இல்லை, அது கிரீஸ் விஷயம். நம்ம பக்கம் கிரீஸ் வாளி மூடியில்லாமல் செம்மண் புழுதியில் கிடக்கும், அதை அள்ளி அடித்தால் பின்னுக்கு உப்புத்தாள் போட்ட மாதிரிதான். மாலிப்டினம் கலந்த, அதிக அழுத்தம் தாங்கும் இபி கிரீஸ், 2-ம் நம்பர் கனத்தில் வாங்கி, கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை தினமும் அடியுங்கள். அப்புறம், கடைக்காரர் கொடுக்கிறார் என்று வேறு வகை கிரீஸைக் கலக்காதீர்கள், லித்தியம் கிரீஸும் களிமண் வகை கிரீஸும் சேர்ந்தால் இளகி ஒழுகிவிடும்.